டானர் சந்திலிருந்து ஓர் ஆட்சேபணை

"எத்தனை பேர் பதில் எழுதியிருக்காங்க?"

கதவிடுக்கில் தலையை மட்டும் நீட்டித் திருமதி ஓல்ராய்ட் இப்படிக் கேட்டபோது, ஹெப்டனின் வாயில் ஒரு பிஸ்கெட் இருந்தது. அவரால் அதை மெல்லவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை.

திருமதி ஓல்ராய்ட் மார்ஸ்பி நகர மன்றத்தின் லைசென்ஸ் குழுத் தலைவி. அவர் கேட்டது மது, கேளிக்கை லைசென்ஸ் கொள்கையைப் பற்றி. எந்த பப் எத்தனை மணி வரை திறந்திருக்கலாம், எங்கே பாட்டுக் கச்சேரி வைக்கலாம், எங்கே கூடாது என்றெல்லாம் சொல்லும் நாற்பது பக்கம் அது. ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஊராரிடம் கருத்துக் கேட்டு அதைத் திருத்தி நிறைவேற்ற வேண்டும் என்பது சட்டம். கருத்துச் சொல்லப் பன்னிரண்டு வாரம் கெடு. அன்று மாலை ஐந்து மணியோடு கெடு முடிகிறது. மணி நாலே முக்கால் ஆகியிருந்தது. ஹெப்டனின் மேஜைமேல் இருந்த கோப்பில் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை.

"வந்திருக்கு மேடம்" என்றார் ஹெப்டன், பிஸ்கெட்டோடு.

"எத்தனை?"

பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர்கள் சின்னதாகத்தான் சொல்வார்கள். "ஒண்ணு" என்றார்.

"நாளைக்குக் காலையில என் மேஜையில இருக்கணும்." தலை மறைந்தது.

ஹெப்டன் கோழை என்று சொல்லிவிட முடியாது. பயப்பட வேண்டிய இடத்தில் பயப்படத் தெரிந்தவர், அவ்வளவுதான். பூங்காவில் எத்தனை பெஞ்சுகள் இருக்கின்றன என்பதை எண்ணாமலே எழுதிவிட்ட அதிகாரி ஒருவர் போன வருடம் அங்கே இருந்தார். திருமதி ஓல்ராய்ட் கொட்டும் மழையில் தானே போய் எண்ணிவிட்டு வந்து, மன்றக் கூட்டத்தில் அவரிடம் மூன்றே மூன்று கேள்வி கேட்டார். அந்த அதிகாரி இப்போது எங்கோ பக்கத்து மாவட்டத்தில் கூரைகளுக்குத் தார் பூசிக்கொண்டிருப்பதாகக் கேள்வி. ஹெப்டனுக்கு வயது ஐம்பத்தெட்டு. இந்த வயதில் ஏணியில் ஏறுவதை நினைத்தாலே அவருக்கு முழங்கால் வலித்தது.

வீட்டுக்குப் போகும் வழியில் கடையில் ஊதா நிறக் கடிதத்தாள் ஒரு கட்டு வாங்கினார். சமையலறை மேஜையில் உட்கார்ந்து, இடது கையால் கோணல்மாணலாக எழுதினார். டானர் சந்தில் குடியிருக்கும் திருமதி ஹெஸ்டர் டாப்சன் என்ற விதவைக்கு, அருகிலிருக்கும் 'கொழுத்த கிடா' பப்பில் வெள்ளிக்கிழமைதோறும் நடக்கும் பிடில் கச்சேரி தொந்தரவாக இருக்கிறது. ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. பூனை சாப்பிட மறுக்கிறது. பதினொரு மணிக்கே நிறுத்தினால் நன்றாக இருக்கும். கதவு எண் போடாமல் விட்டார். டானர் சந்தை அவர் தேர்ந்தெடுத்ததே அங்கே அவருக்கு யாரையும் தெரியாது என்பதால்தான்.

யாருக்கும் நோகாத கடிதம். படிப்பார்கள், கோப்பில் வைப்பார்கள், மறப்பார்கள் என்று நினைத்தார்.

திருமதி ஓல்ராய்ட் மறக்கவில்லை. மறுநாள் மதியமே ஹெப்டனையும், அவருடைய உதவியாளர் நோரீனையும் கூப்பிட்டு அனுப்பினார். நோரீன் பதினாறு வருடமாக அந்த அலுவலகத்தில் தட்டச்சு, தபால், நோட்டீஸ் எல்லாம் பார்ப்பவள். யாரிடமும் குரல் உயர்த்திப் பேசமாட்டாள்.

"அருமையான கடிதம். பூனையைப் பத்தி எழுதியிருக்காங்க பாருங்க, அதுலதான் உயிர் இருக்கு" என்றார் திருமதி ஓல்ராய்ட். முகத்தில் சிரிப்பு இல்லை. "இந்தம்மா கேட்ட மாதிரியே கச்சேரியைப் பதினோரு மணிக்கு நிறுத்தலாம்னு வரைவுல சேர்த்துடறேன். ஆனா ஒரு தரப்பை மட்டும் கேட்டு முடிவெடுத்தா கோர்ட்டுக்குப் போவாங்க. இன்னும் ரெண்டு வாரம் கெடு தர்றேன். மறு தரப்புலேர்ந்து ஒரு பதிலாவது வரணும். நோரீன், அது உன் பொறுப்பு."

நோரீனின் முகம் வெளுத்தது. ஹெப்டனின் முகம் அதைவிட வெளுத்தது. அவர் வெறும் கோப்பை நிரப்ப நினைத்தாரே தவிர, கொள்கையை மாற்ற நினைக்கவில்லை.

இரண்டாம் நாளே 'கொழுத்த கிடா' முதலாளி லோமாஸ் தொலைபேசியில் வந்தார். வரைவு அவர் கைக்குப் போயிருந்தது.

"சார், கச்சேரி பதினோரு மணிக்கு முடிஞ்சா எவனும் வரமாட்டான் சார். வெள்ளிக்கிழமை ஒரு நாள் கூட்டத்துலதான் மீதி ஆறு நாள் ஓடுது. அந்தம்மா காலில விழக்கூடத் தயார். டானர் சந்துல எந்த வீடு சார்?"

"அதெல்லாம் சொல்லக் கூடாதுங்க. சட்டம்" என்றார் ஹெப்டன்.

"பரவால்ல சார், நான் ஒவ்வொரு கதவா தட்டிப் பார்க்கறேன்."

அன்று ராத்திரி ஹெப்டன் தூங்கவில்லை. மறுநாள் லோமாஸ் மறுபடி கூப்பிட்டார்.

"பார்த்துட்டேன் சார்" என்றார் லோமாஸ்.

"யாரை?"

"டாப்சனம்மாவைத்தான். பார்த்தேன்னு சொல்ல முடியாது. மூணாவது வீட்டுல கதவைத் திறக்கல. தபால் போடற ஓட்டை வழியா மன்னிப்புக் கேட்டேன். 'போய்த் தொலை'ன்னு உள்ளேர்ந்து கத்தினாங்க. பூனையும் கத்துச்சு. கோவம் இன்னும் தீரல போல."

ஹெப்டன் ரிசீவரை வைத்தார். திருமதி டாப்சனைத் தான்தான் உண்டாக்கினோமா என்பதில் முதல் முறையாக அவருக்குச் சந்தேகம் வந்தது.

அந்த வாரக் கடைசியில் நோரீன் ஒரு கடிதத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். கோடு போட்ட தாளில் கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது. "மறு தரப்பு வந்துடுச்சு சார்" என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல்.

எழுதியவர் டானர் சந்தில் குடியிருக்கும் மிஸ்டர் கிரிம்ஷா. திருமதி டாப்சனின் எதிர்வீட்டுக்காரர். ஓய்வுபெற்ற ரயில்வே ஊழியர். பிடில் கச்சேரி தனக்கிருக்கும் ஒரே சந்தோஷம் என்றும், தன் ஜன்னல் ஒருநாளும் அதிர்ந்ததில்லை என்றும், எதிர்வீட்டு அம்மாள் நல்லவர்தான், கொஞ்சம் காது கூர்மை அதிகம் என்றும் எழுதியிருந்தார்.

ஹெப்டன் அதை இரண்டு முறை படித்தார். எதிர்வீட்டுக்காரர். யாரைப் பார்த்துவிட்டு இந்த ஆள் திருமதி டாப்சன் என்கிறார்? மூன்றாவது வீட்டில் கத்திய அந்தப் பெண்மணியையா? நாளைக்கே இவர் தெருவைக் கடந்து போய், "என்னம்மா, இப்படி எழுதிட்டீங்களே" என்று கேட்டால்? அந்த அம்மாள் "நான் எங்கே எழுதினேன்" என்று நேராக நகர மன்றத்துக்கு வந்தால்?

இந்த ஆளை யாரும் நம்பாதபடி செய்துவிட வேண்டும் என்று தோன்றியது. பயந்தவனுக்கு வரும் யோசனை எப்போதும் பார்வைக்கு நன்றாகத்தான் இருக்கும். ஊதாத் தாளை மறுபடி எடுத்தார்.

'நான் நாற்பத்தோரு வருடமாக டானர் சந்தில் இருக்கிறேன். கிரிம்ஷா என்று ஒருவர் எங்கள் சந்தில் கிடையாது. இருந்ததும் இல்லை. இவர் யாரென்று தயவுசெய்து விசாரிக்கவும்.'

ஸ்டேஷன் தபால்பெட்டியில் போட்டார். மறுநாள் தபாலைப் பிரித்த நோரீன் அந்தக் கடிதத்தைப் படித்தாள். பேயறைந்தவள் மாதிரி நின்றாள்.

"சார், இந்தம்மா நெஜமாவே விசாரிக்கச் சொல்றாங்களா?"

"எழுதியிருக்காங்களே."

"அவங்க அப்படிச் சொல்லலாமா சார்? ஒரு மனுஷனைப் பார்த்து, அவன் இல்லவே இல்லைன்னு?" அவள் உதடு துடித்தது. நல்ல மனசு, யாரோ ஒரு கிழவருக்காக இப்படி வருத்தப்படுகிறாளே என்று ஹெப்டன் நினைத்துக்கொண்டார். குற்ற உணர்ச்சி தாங்காமல், தன் பிஸ்கெட் டப்பாவை அவள் பக்கம் நகர்த்தினார். அவள் எடுக்கவில்லை.

இரண்டே நாளில் கிரிம்ஷாவின் பதில் வந்தது. இந்த முறை கொட்டை எழுத்து தாளைக் கிழித்துவிடும்போல அழுத்தி எழுதப்பட்டிருந்தது.

'நான் இல்லையென்று சொல்லும் அந்த அம்மாள்தான் இல்லை. முன்பு நல்லவர் என்று எழுதியது என் பெருந்தன்மை. சந்து முழுக்க விசாரித்துவிட்டேன். டாப்சன் என்ற பெயரை யாரும் கேள்விப்பட்டதே இல்லை. ஊதாத் தாளில் எழுதிக்கொண்டிருப்பது யார்? எனக்குத் தெரிந்தாக வேண்டும்.'

"போன்லயும் கூப்பிட்டாரு சார்" என்றாள் நோரீன் மெல்லிய குரலில். "நீங்க சாப்பிடப் போயிருந்தீங்க. கட்டைக் குரல். அந்தம்மாவைக் கூட்டிட்டு வாங்க, இல்லாட்டி விட்டுடச் சொல்லுங்கன்னாரு."

"விட்டுடறதுன்னா?"

"அவரு யாருன்னு விசாரிக்கிறதை சார். அந்தம்மா விட்டுட்டா, தானும் விட்டுடறதா சொன்னாரு."

விட்டுவிடலாம்தான். ஆனால் அதற்குள் இரண்டு கடிதங்களின் நகல்களும் திருமதி ஓல்ராய்டின் மேஜைக்குப் போயிருந்தன. எந்தக் கடிதம் வந்தாலும் அன்றே நகல் வேண்டும் என்பது அவர் உத்தரவு.

ஹெப்டனுக்கு ஒரு விஷயம் தெரிந்தாக வேண்டியிருந்தது. கிரிம்ஷா எப்படிப்பட்ட ஆள்? மறுநாள் காலை அலுவலகத்துக்குப் போகும் முன், தொப்பியைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு டானர் சந்துக்குப் போனார். தூறல் போட்டுக்கொண்டிருந்தது. ஒவ்வொரு ஜன்னல் திரைக்குப் பின்னாலும் கிரிம்ஷா நிற்பதுபோலவே இருந்தது. மூன்றாவது வீட்டைத் தாண்டும்போது உள்ளே ஒரு பூனை கத்தியது. அவருக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது.

"யாரைத் தேடறீங்க தம்பி?"

எண்பது வயதிருக்கும். குட்டையான ஒரு நாயைப் பிடித்துக்கொண்டு அந்தக் கிழவர் தன் வாசலில் நின்றிருந்தார். கட்டைக் குரல். கிரிம்ஷாதான், சந்தேகமே இல்லை என்று ஹெப்டன் முடிவு கட்டினார்.

"யாரையும் இல்லைங்க. சும்மா நடந்துட்டிருக்கேன்."

"இந்த வாரம் எல்லாருக்கும் இங்கதான் நடக்கணும்போல இருக்கு." கிழவர் அவரை மேலும் கீழும் பார்த்தார். "முந்தாநாள் ஒரு அம்மா வந்துச்சு. முக்காடு போட்டுக்கிட்டு. டாப்சன்னு ஒருத்தங்க இருக்காங்களான்னு வீடு வீடாக் கேட்டுச்சு. இல்லைன்னேன். அழுதுட்டே போயிடுச்சு."

"அழுதாங்களா?"

"ஆமா. இல்லாதவங்களுக்காக எதுக்கு அழணும்? அதுதான் எனக்குப் புரியல."

ஹெப்டன் ஓடவில்லை. ஆனால் மார்ஸ்பியில் அதற்கு முன்னும் பின்னும் எந்த அரசாங்க அதிகாரியும் அவ்வளவு வேகமாக நடந்ததில்லை. முக்காடு போட்ட பெண்மணி யார்? திருமதி ஓல்ராய்டா? பெஞ்சுகளை எண்ணியவர் வீடுகளை எண்ணமாட்டாரா? அழுகைதான் பொருந்தவில்லை. திருமதி ஓல்ராய்ட் அழுவார் என்று மார்ஸ்பியில் யாரும் நம்பமாட்டார்கள்.

அலுவலகத்தில் அவருக்காக ஒரு துண்டுச் சீட்டு காத்திருந்தது. தலைவியின் கையெழுத்து.

'புதன்கிழமை மூன்று மணி, பொதுக் கூட்டம். திருமதி டாப்சன், மிஸ்டர் கிரிம்ஷா இருவரும் நேரில் வர வேண்டும். ஒருவர் மற்றவரை இல்லையென்கிறார். ஒரே அறையில் உட்காரவைத்தால் தெரிந்துவிடும். வயதானவர்கள், கார் அனுப்பவும்.'

நோரீனும் அந்தச் சீட்டைப் படித்திருந்தாள். அதற்கப்புறம் மூன்று நாட்கள் அந்த அறையில் யாரும் பேசவில்லை. தட்டச்சு இயந்திரம் தப்புத் தப்பாக அடித்தது. ஹெப்டன் காலையில் போட்ட தேநீரைச் சாயங்காலம் கொட்டினார். திருமதி டாப்சனைத் தங்கை வீட்டுக்கு அனுப்பலாமா என்று யோசித்தார். எந்த ஊர் என்று கேட்பார்கள். காய்ச்சல் என்று சொல்லலாமா? கூட்டத்தை ஒத்திவைப்பார்கள். படுத்த படுக்கை என்றால் தலைவியே பழக்கூடையோடு பார்க்கப் போய்விடுவார். எந்தப் பக்கம் திரும்பினாலும் பூட்டிய கதவாகத் தெரிந்தது. செவ்வாய்க்கிழமை ராத்திரி சமையலறை மேஜையில் உட்கார்ந்து ஒரு முடிவுக்கு வந்தார். வந்த பிறகு கொஞ்சம் அழுதார் என்றுதான் சொல்ல வேண்டும். இரண்டு வாரம் பழகிய மனுஷி.

புதன்கிழமை மன்றக் கூடம் என்றுமில்லாதபடி நிரம்பியிருந்தது. விஷயம் எப்படியோ வெளியே கசிந்து, இல்லாதது யார் என்று பார்க்க ஊரே வந்திருந்தது. முன்வரிசையில் லோமாஸ், கழுத்துப்பட்டை கட்டிக்கொண்டு, மடியில் ஒரு பழக் கேக்கோடு. அவருக்குப் பின்னால் பிடில் கோஷ்டி நாலு பேரும். மேடைக்குக் கீழே எதிரெதிராக இரண்டு காலி நாற்காலிகள். திருமதி ஓல்ராய்ட் மூக்குக் கண்ணாடிக்கு மேலாக அவற்றைப் பார்த்தார்.

"திருமதி டாப்சன் எங்கே?"

ஹெப்டன் எழுந்தார். கூரையும் ஏணியும் தார் டப்பாவும் கண்முன் வந்து போயின.

"சொல்ல வருத்தமா இருக்கு மேடம். திருமதி டாப்சன் காலமாயிட்டாங்க. முந்தாநாள். தூக்கத்துலயே."

கூடத்தில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. லோமாஸ் மெதுவாக எழுந்து நின்றார். முகம் சாம்பல் பூத்திருந்தது.

"நான்தான் சார் கொன்னுட்டேன்" என்றார். "மறுபடி மறுபடி போய்க் கதவைத் தட்டினேனே. நேத்துக்கூடத் திட்டினாங்களே."

"நேத்தா?" என்றார் திருமதி ஓல்ராய்ட்.

லோமாஸ் விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். "திங்கக்கிழமையாத்தான் இருக்கும். எனக்கு நாளே ஓடல மேடம்."

தலைவி பேனா மூடியைத் திருகித் திறந்தார், மூடினார். "சரி. அப்படின்னா இருக்கறது ஒரே ஒரு சாட்சி. மிஸ்டர் கிரிம்ஷா. எங்கே அவர்?"

எல்லாத் தலைகளும் வாசல் பக்கம் திரும்பின. ஹெப்டனும் திரும்பினார். குட்டை நாயோடு அந்தக் கிழவர் இதோ நுழையப் போகிறார், "அவ செத்தாளா, பொறந்தாத்தானே சாகறதுக்கு" என்று கட்டைக் குரலில் கேட்கப் போகிறார். நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டார்.

கதவு திறக்கவில்லை. அவர் பக்கத்தில்தான் ஏதோ அசைந்தது. நோரீன் எழுந்து நின்றிருந்தாள். கறுப்பு உடை உடுத்தியிருந்தாள். காலையிலிருந்து அவள் பக்கத்திலேயே இருந்தும் அது அவர் கண்ணில் படவே இல்லை.

"மேடம்" என்றாள், காற்றுப்போன குரலில். "மிஸ்டர் கிரிம்ஷாவும் காலமாயிட்டாரு. நேத்துச் சாயங்காலம்."

ஹெப்டன் நோரீனைப் பார்த்தார். நோரீன் ஹெப்டனைப் பார்த்தாள். அவள் கண்கள் அகலமாகிக்கொண்டே போயின. அவருடையதும் அப்படித்தான் ஆகியிருக்க வேண்டும். முக்காடு, அழுகை, கட்டைக் குரல், மேஜையைப் பார்த்துக்கொண்டே பேசியது, எல்லாம் ஒவ்வொன்றாக அவர் தலைக்குள் இடம் பார்த்து உட்கார்ந்தன. பயம் குறையவில்லை. இரண்டு பேருக்கும் சேர்த்து இரண்டு மடங்காயிற்று.

"எல்லாரும் எழுந்திருங்க" என்றார் திருமதி ஓல்ராய்ட்.

எழுந்தார்கள். ஒரு நிமிடம் மௌனம். லோமாஸ் விசும்பினார். பிடில்காரர்களில் ஒருவன் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டான்.

"ரெண்டு தரப்பும் இப்ப இல்ல. ஒரு கருத்துக்கு இன்னொரு கருத்து சரியாப் போச்சு. அதனால பழைய கொள்கையே ஒரு எழுத்தும் மாறாம இன்னும் அஞ்சு வருஷத்துக்குத் தொடரும். யாருக்காவது ஆட்சேபணை?" யாருக்கும் இல்லை. "கூட்டம் முடிஞ்சது. ஹெப்டன், நோரீன், ரெண்டு பேரும் என் அறைக்கு வாங்க."

வெளியே போகும் வழியில் லோமாஸ் அழுதுகொண்டே கேக்கை ஹெப்டன் கையில் திணித்தார். "சந்துக்காரங்களுக்குக் குடுத்துடுங்க சார். ஆத்மா சாந்தியடையட்டும்."

மாடிப்படி இருபத்தாறு. நோரீன் ஒவ்வொரு படியிலும் எதையோ சொல்ல வாயைத் திறந்து மூடினாள். பாதி வழியில்தான் சத்தம் வந்தது.

"நோட்டீஸ் ஒட்டவே மறந்துட்டேன் சார். லைப்ரரி, தபால் ஆபீஸ், எங்கயுமே ஒட்டல. பன்னெண்டு வாரமும் கட்டுப் பிரிக்காம என் அலமாரியிலயே இருந்துச்சு. மறு தரப்பு ஒண்ணு வராட்டித் தோண்டித் துருவுவாங்களேன்னு..."

"அதனாலதான் எனக்கு ஒரு கடிதமும் வரலியா?" என்றார் ஹெப்டன். அவருக்குக் கோபப்படக்கூடத் தெம்பில்லை. "நோரீன், நீ ஒண்ணும் பேசாத. டாப்சன் பெரியவ, முதல்ல வந்தவ. தப்பு என்னோடது."

"இல்லவே இல்லைன்னு எழுதி என்னைக் கொல்லாமக் கொன்னீங்களே சார்."

"நீ மட்டும் என்ன? ஊதாத் தாள்ல எழுதறது யாருன்னு கேட்டியே, மூணு நாள் எனக்குச் சோறு இறங்கல."

அறைக்குள் திருமதி ஓல்ராய்ட் கதவைச் சாத்தச் சொன்னார். நான்கு கடிதங்களையும் மேஜையில் வரிசையாகப் பரப்பினார். ஊதா, கோடு, ஊதா, கோடு. உட்காரச் சொன்னார். இருவரும் உட்காரவில்லை. ஹெப்டன் எல்லாவற்றையும் சொன்னார். நடுவில் நோரீன் எல்லாவற்றையும் சொன்னாள். இரண்டும் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு வெளியே வந்தன. கடைசியில் சொல்ல ஒன்றும் மிச்சமில்லாமல் இருவரும் நின்றார்கள். கேக்கிலிருந்து ஒரு உலர்ந்த திராட்சை தரையில் விழுந்தது.

திருமதி ஓல்ராய்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"ஒரே சந்துல, ஒரே வாரத்துல ரெண்டு சாவா?" என்றார். "இருபது வருஷத்துக்கு முன்னாடி முதல் கொள்கை வந்தப்ப உங்க நாற்காலியில இருந்தது நான்தான் ஹெப்டன், நானும் இல்லாத ஒருத்தரை இப்படித்தான் எழுத வெச்சேன், ஆனா கொல்லல, கனடாவுக்கு அனுப்பி வெச்சேன்."